நாலு லேன் ஸ்லாட் கார் டிராக்குக்கு ஃபியூஸ்: எங்கே போடுவது, எத்தனை ஆம்ப் போடுவது

கேள்வி: கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஸ்டால் போட நாலு லேன் அனலாக் ஸ்லாட் கார் டிராக் (லேனின் நடுவில் உள்ள பிளவில் பொம்மைக் கார் ஓடும், பிளவின் இரு பக்கமும் உள்ள ரெயில்களில் மின்சாரம் வரும்) தயார் செய்கிறோம். 1/32 அளவு, பிளாஸ்டிக் டிராக், ஒரு லேன் சுமார் 12 மீட்டர். நாலுக்கும் சேர்த்து 12 வோல்ட் 20 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ். (வீட்டுக் கரண்டை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றும் பெட்டி) ஒன்றுதான். கரண்ட் போனால் கார் பேட்டரிக்கு மாற்றிக்கொள்ள எண்ணம். சோதனை ஓட்டத்தில் ஒரு கன்ட்ரோலரின் (கையில் பிடித்து, டிரிகரை இழுத்துக் காரை ஓட்டும் கருவி) வயர் உருகிவிட்டது. ஆனால் சப்ளை நிற்கவே இல்லை. எஸ்.எம்.பி.எஸ். வாசலில் 20 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று போட்டால் போதுமா? எலக்ட்ரீஷியன் 6 ஆம்ப் எம்.சி.பி. (மின்னோட்டம் கூடினால் தானே விழும் சுவிட்ச்) போடச் சொல்கிறார்.

பதில்: இரண்டுமே போதாது. ஒவ்வொரு லேனுக்கும் தனி ஃபியூஸ் வேண்டும். அதன் அளவை எஸ்.எம்.பி.எஸ். மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த லேனில் இருக்கும் மிக மெல்லிய வயர் எவ்வளவு தாங்கும், கார் எவ்வளவு இழுக்கும், டிராக்கின் கடைசி வளைவில் ஷார்ட் ஆனால் எவ்வளவு மின்னோட்டம் கிடைக்கும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வயர் ஏன் உருகியது, சப்ளை ஏன் நிற்கவில்லை என்பதிலிருந்து தொடங்கலாம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானே வந்துவிடும். 20 ஆம்ப் எஸ்.எம்.பி.எஸ். தன் அளவைத் தாண்டி ஓரளவு மேலே போனால்தான் ஓவர்லோடு என்று எடுத்துக்கொண்டு வெட்டும். பிளஸ்ஸும் மைனஸும் நேராகத் தொட்டால் அது உடனே நடக்கும். விட்டு விட்டு உயிர் வந்து போகும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும். ஆபத்து அதில் இல்லை. ஆபத்து அரைகுறை ஷார்ட்டில்தான். தளர்ந்த கிளிப், மெல்லிய வயர், டிராக் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து பாதையில் 0.7 ஓம் இருந்தால், 12-ஐ 0.7-ஆல் வகுத்துப் பாருங்கள்: 17 ஆம்ப். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு அது அன்றாட வேலை, எந்தத் தயக்கமும் இல்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கொடுத்த 200 வாட்டும் அந்த 0.7 ஓமில்தான் சூடாக இறங்கும், அதில் பெரும்பங்கு கன்ட்ரோலர் வயரிலும் கிளிப் நுனியிலும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு மேல் தாங்குவதற்குச் செய்யப்பட்டதல்ல. அந்த வயரைக் கையில் பிடித்திருப்பது எட்டு வயதுக் குழந்தை. "12 வோல்ட்தானே" என்று சொல்லாதீர்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் சுடும், தீப்பிடிக்கவும் வைக்கும்.

இதே 17 ஆம்ப்பில் நீங்கள் சொல்லும் 20 ஆம்ப் ஃபியூஸ் என்றைக்கும் போகாது. 6 ஆம்ப் எம்.சி.பி.யின் கதையும் இதுதான். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் சி வகை எம்.சி.பி. பட்டென்று விழ வேண்டுமானால் அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு வேண்டும், அதாவது 30 முதல் 60 ஆம்ப். டி.சி.யில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். உங்கள் சப்ளையால் அவ்வளவு தரவே முடியாது. அதற்குக் குறைவாக ஓடினால் உள்ளே இருக்கும் வெப்பப் பட்டை சூடேறித்தான் விழும். 15 ஆம்ப் அளவில் அதற்கு 1 வினாடியும் ஆகலாம், 1 நிமிடமும் ஆகலாம், விதிமுறையே அப்படித்தான் அனுமதிக்கிறது. ஒரு நிமிடத்தில் வயர் உருகி முடிந்துவிடும். வீட்டு வயரிங்குக்கு எம்.சி.பி. நல்ல பொருள்தான், இந்த வேலைக்குப் பொருந்தாது.

ஷார்ட் எப்படி வருகிறது? மூன்று வயர் கன்ட்ரோலரை வழக்கமான முறையில் இணைத்தால், வெள்ளைக் கம்பத்தில் (கம்பம் என்பது டிராக் ஓரத்தில் கிளிப் மாட்டும் முனை) சப்ளையின் பிளஸ், கறுப்புக் கம்பத்திலிருந்து டிராக்கின் ஒரு ரெயில், சிவப்புக் கம்பம் பிரேக்குக்காக மைனஸ். டிரிகரை விட்ட நிலையில் கறுப்பும் சிவப்பும் உள்ளே சேர்ந்திருக்கும், கார் பிரேக் பிடிக்கும். முழுதாக இழுத்தால் வெள்ளையும் கறுப்பும் சேரும். கூட்டத்தில் குரோக்கடைல் கிளிப்பை மாற்றி மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், தவறைக் கண்டுபிடிக்க அதுவே வழி. வெள்ளையும் கறுப்பும் மாறினால், டிரிகரைத் தொடாமலேயே மாட்டிய நொடியில் ஷார்ட். கறுப்பும் சிவப்பும் மாறினால் முதலில் ஒன்றும் தெரியாது, கார் சும்மா நிற்கும். பையன் "போகலையே" என்று முழுசாக இழுப்பான், அப்போது வெள்ளையும் சிவப்பும் நேராகச் சேர்ந்து ஷார்ட். வெள்ளையும் சிவப்பும் மாறினால் ஷார்ட் இல்லை, ஆனால் விட்டால் கார் பறக்கும், இழுத்தால் நிற்கும். உங்கள் உருகிய வயர் பெரும்பாலும் இரண்டாவது வகையாகத்தான் இருக்கும். கிளிப்பையே ஒழித்து, ஒரு பக்கம் மட்டும் நுழையும் மூன்று முனைச் சாக்கெட் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். கண்காட்சி ஸ்டாலுக்கு அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அது போக, காரின் அடியில் இருக்கும் பிரெய்டு (ரெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் பின்னிய கம்பிப் பட்டை) நைந்து ஒரு இழை பக்கத்து ரெயிலைத் தொடுவது, கவிழ்ந்த காரின் இரும்பு ஆக்ஸில் இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே படுப்பது, யாரோ தவறவிட்ட நாணயம், சேஃப்டி பின். இவை டிராக்கின் எந்த இடத்திலும் நடக்கும்.

ஃபியூஸ் வகைக்கு என் பரிந்துரை பிளேடு ஃபியூஸ். கார்களில் இருப்பது. 32 வோல்ட் டி.சி. வரைக்கும் செய்யப்பட்டது, எங்கும் கிடைக்கும், நிறத்தைப் பார்த்தே அளவு தெரியும்: 3 ஆம்ப் ஊதா, 5 ஆம்ப் வெளிர் பழுப்பு, 7.5 அடர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம். அது போகும் வேகம் இப்படி: அளவில் 110 சதவீதம் வரை போகாமல் தாங்கும். 135 சதவீதத்தில் பத்து நிமிடம் வரைகூட இழுக்கலாம். இரண்டு மடங்கில் 5 வினாடிக்குள் போக வேண்டும். மூன்றரை மடங்கில் அரை வினாடிக்குள். ஆக, ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் அளவைப் போல மூன்றரை மடங்காவது மின்னோட்டம் கிடைக்கும்படி வைத்துக்கொண்டால் வயருக்குச் சூடேற நேரமே இருக்காது. வீட்டு ஃபியூஸ் கட்டையில் சுற்றும் 5 ஆம்ப் கம்பி இங்கே வேண்டாம். அது 5 ஆம்ப்பைவிட வெகுவாக மேலே போய்த்தான் உருகும், நாளைக்கு யாரோ ஒரு வயர் இழையைச் சுற்றிவிடவும் வழி வைக்கும்.

காரின் இழுப்பை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்புப் பின்னை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, ஃபியூஸ் வரவேண்டிய இடத்தில் தொடராக வைத்து, ஒரு காரை ஓட்டுங்கள். பிறகு காரைக் கையால் அழுத்திப் பிடித்து ஒரே ஒரு நொடி முழு டிரிகர் கொடுங்கள். விலை குறைந்த மீட்டர்களில் 10 ஆம்ப் துளைக்கு உள்ளே ஃபியூஸ் இருக்காது, அப்படியே மீட்டர் மேல் எழுதியிருப்பார்கள். அதனால் இதை நீளமாகச் செய்ய வேண்டாம். வீட்டு செட்டு வகைக் கார்களின் சிறு மோட்டார் ஓடும்போது பெரும்பாலும் 1 ஆம்ப்புக்குள்தான் இழுக்கும், கிளம்பும் கணத்தில் 2, 3 ஆம்ப் வரை போகும். அந்தக் கணம் மிகச் சிறியது, 3 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் அதைக் கண்டுகொள்ளாது.

இனி, பலரும் விட்டுவிடும் சோதனை. பிளாஸ்டிக் டிராக்கின் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் மின்தடை சேர்க்கும். சப்ளை சேரும் இடத்துக்கு எதிர்ப்புறம் ஷார்ட் ஆனால் அவ்வளவு மின்னோட்டம் வராமல் போகலாம். வராவிட்டால் ஃபியூஸும் போகாது. இதை ஓம் மீட்டரில் பார்க்க முடியாது, ஒரு ஓமுக்குக் கீழே சாதா மீட்டர் நம்பகமாகக் காட்டாது. கார் ஹெட்லைட் பல்பு ஒன்று எடுங்கள், 12 வோல்ட் 55 வாட். கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு வெள்ளை, கறுப்புக் கம்பங்களை ஒரு துண்டு வயரால் இணையுங்கள். லேனுக்குத் தற்காலிகமாக 7.5 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். பல்பின் இரு முனைகளை மிகத் தூரத்து வளைவில் இரண்டு ரெயிலிலும் வையுங்கள். சப்ளை முனையில் 12 வோல்ட், பல்பின் முனையில் 9.8 என்றால் வழியில் 2.2 வோல்ட் தொலைகிறது. அப்போது ஓடுவது ஏறத்தாழ 4.1 ஆம்ப், ஆகவே பாதையின் மின்தடை அரை ஓமுக்குச் சற்று மேல். அங்கே ஷார்ட் ஆனால் 20 ஆம்ப்புக்கு மேல் கேட்கும். நல்லது. பல்பில் 6 வோல்ட்தான் வருகிறது என்றால் ஓடுவது 3.1 ஆம்ப், மின்தடை 1.9 ஓம். ஷார்ட் ஆனாலும் 6.2 ஆம்ப்தான் கிடைக்கும். 5 ஆம்ப் ஃபியூஸ் அதைப் பல நிமிடம் பார்த்துக்கொண்டே நிற்கும். 3 ஆம்ப் ஃபியூஸ்கூட சில வினாடி எடுக்கும். இதற்கு மருந்து ஃபியூஸில் இல்லை. டிராக்குக்கு அடியில் 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர் இழுத்து 3 மீட்டருக்கு ஒரு இடத்தில் இரண்டு ரெயிலுக்கும் இணைப்புக் கொடுங்கள். தூரத்து வளைவில் கார் சோர்வதும் இதிலேயே சரியாகும்.

அளந்து முடித்த பிறகு வயரிங். எஸ்.எம்.பி.எஸ். பிளஸ்ஸிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். வயர், 30 சென்டிமீட்டருக்கு மிகாமல், ஆறு வழி பிளேடு ஃபியூஸ் பாக்ஸுக்கு. நாலு வழி லேனுக்கு, ஒன்று டைமர், லேப் கவுண்டர் போன்றவைக்கு 2 ஆம்ப், ஒன்று காலி. பாக்ஸிலிருந்து ஒவ்வொரு லேனின் வெள்ளைக் கம்பத்துக்கும் தனித்தனி 1.5 ஸ்கொயர் எம்.எம். வயர். ஃபியூஸ் சப்ளை பக்கம் இருக்க வேண்டும், ஓட்டுநர் நிற்கும் இடத்தில் அல்ல. ஃபியூஸுக்கு முன்னால் இருக்கும் வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. மைனஸ் பக்கம் ஃபியூஸ் போட வேண்டாம். பொது மைனஸில் ஒன்று போய்விட்டால் நாலு லேனும் ஒன்றாகச் செத்து, எது பழுது என்றே தெரியாது. எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் பயன்படுத்துகிறவர்கள் சிவப்புக் கம்பத்துக்கும் தனி ஃபியூஸ் வைப்பதுண்டு, அது கன்ட்ரோலரைக் காப்பதற்கு. அது போனால் பிரேக் இருக்காது, அதை மறக்காமல் பார்க்கத் தயாராக இருந்தால் வையுங்கள்.

வயர் முனைகளுக்கு 6.3 மி.மீ. லக் போட்டுச் சரியான கருவியால் கிரிம்ப் செய்யுங்கள். ஸ்க்ரூ டெர்மினலுக்குப் போகும் முனையில் ஈயம் பூச வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி இறுக்கம் தளரும், அந்த இடம் சூடாகும். ஃபியூஸ் சரியாக இருந்தும் பாக்ஸின் பிளாஸ்டிக் இளகுகிறது என்றால் காரணம் இந்தத் தளர்ச்சிதான். ஒவ்வொரு வழியிலும் ஃபியூஸுக்குப் பிறகு ஒரு பச்சை எல்.இ.டி.யை 1,000 ஓம் ரெசிஸ்டருடன் மைனஸுக்குக் கொடுங்கள். ஃபியூஸ் போனால் விளக்கு அணையும், கூட்டத்துக்கு நடுவே கேட்க வேண்டியதில்லை.

ஆனால் உங்களுடையது கண்காட்சி ஸ்டால். கிளப் போட்டியாக இருந்தால் லேனுக்கு 3 ஆம்ப் என்று சொல்லி முடித்துவிடுவேன். நாள் முழுக்கக் குழந்தைகள் வந்து போகும் இடத்தில் ஒவ்வொரு கவிழ்ந்த காருக்கும் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருந்தால், மாலைக்குள் யாராவது வெறுத்துப்போய்ப் பெரிய ஃபியூஸைச் செருகிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு லேனிலும் ஃபியூஸுக்கு அடுத்து அதே 55 வாட் ஹெட்லைட் பல்பைத் தொடராக வையுங்கள். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் மின்தடை, சுடர்விடும்போது இருப்பதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கார் 1 ஆம்ப் இழுக்கும்போது அது தின்பது 1 வோல்ட்டுக்கும் குறைவு. ஷார்ட் ஆன நொடி பல்பு பளிச்சென்று எரியும், முதல் கணத்துக்குப் பிறகு மின்னோட்டம் 4.6 ஆம்ப்புக்கு மேல் போகாது. எந்த லேன் என்று ஸ்டாலின் மறுகோடியிலிருந்தே தெரியும், காரைத் தூக்கினால் அணையும், ஃபியூஸும் அப்படியே இருக்கும். அரைகுறை ஷார்ட்டுக்கும் இதே எல்லைதான். பல்பு வைக்கும் லேனில் ஃபியூஸை 5 ஆம்ப்பாக ஆக்குங்கள், பல்பு பற்றும் முதல் கண உதைப்பில் 3 ஆம்ப் போய்விட வாய்ப்புண்டு. கார் கிளம்பும்போது வேகம் சற்று மெத்தென்று ஏறும். குழந்தைகளுக்கு அது நல்லதே.

பல்பு வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலைகள் கூடும் ஊர், ஆட்டோ எலக்ட்ரிகல் கடைகளில் பாதிச் சரக்கு லாரிக்கானது, அதாவது 24 வோல்ட். அதே ஹோல்டர், அதே தோற்றம். அதைப் போட்டால் மின்தடை கூடிவிடும், கார் நகரத் திணறும். 12 வோல்ட் என்று கேட்டு, உலோகத்தில் பொறித்திருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். இன்டிகேட்டரின் 21 வாட் பல்பும் வேண்டாம், 1 ஆம்ப்பிலேயே 4 வோல்ட்டைத் தின்றுவிடும். எரியும் பல்பு கையைப் பொசுக்கும். மரச்சட்டத்திலிருந்தும் ஸ்டால் துணியிலிருந்தும் தள்ளி, பீங்கான் ஹோல்டரில், கம்பி வலைக்கு உள்ளே வையுங்கள்.

தானாகச் சரியாகும் பாலிஃபியூஸ் பற்றியும் யோசிப்பீர்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சுலபமாகக் கிடைக்கும். தாங்கும் அளவு 3 ஆம்ப் என்றால் வெட்டும் அளவு ஏறக்குறைய 6, இடையில் இருப்பது நிச்சயமில்லாத பகுதி. தகர ஷெட்டுக்குள் 40 டிகிரி வெயிலில் தாங்கும் அளவே 15 முதல் 20 சதவீதம் குறையும், வெட்டிய பிறகு ஆற நேரம் எடுக்கும். ஸ்டாலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேட்டரிக்கு மாறும் எண்ணத்தில் மிகவும் கவனமாக இருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஒரு எல்லை உண்டு. சிறிய கார் பேட்டரி கூட ஷார்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்ப் கொட்டும், நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. பிளஸ் முனையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் 15 ஆம்ப் பிளேடு ஃபியூஸ் ஒன்று கட்டாயம். லேன் ஃபியூஸ் இதைவிட வெகு சிறியது என்பதால் லேன் பழுதில் அதுதான் முதலில் போகும், மெயின் நிற்கும். பேட்டரியில் கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் வேண்டாம்; சிறிய கண்ணாடி ஃபியூஸ் துண்டிக்கக்கூடிய மின்னோட்டம் மிகக் குறைவு, அதைத் தாண்டினால் வெடிக்கும். பிளேடு ஃபியூஸ் 1,000 ஆம்ப் வரை தாங்கித் துண்டிக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பேட்டரியும் ஒரே நேரத்தில் சேராதபடி, நடுவில் ஆஃப் நிலை உள்ள இருவழிச் சுவிட்ச் வையுங்கள்.

230 வோல்ட் பக்கம்: உலோகப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ். என்றால் எர்த் கண்டிப்பாக இணைந்திருக்க வேண்டும், ஸ்க்ரூ முனைகளுக்கு மூடி வேண்டும். சிலவற்றின் பக்கவாட்டில் 110, 220 என்று சிறு தள்ளு சுவிட்ச் இருக்கும். 220-இல் இருப்பதைப் பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். உள்ளே சால்டர் செய்திருக்கும் ஃபியூஸ் போனால் சப்ளைதான் பழுது, அதை மாற்றிப் பயனில்லை.

ஃபியூஸ் வாங்கியதும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒன்றைப் பலி கொடுங்கள். போகவே போகாத போலி ஃபியூஸ்கள் சந்தையில் உண்டு. 5 ஆம்ப்புக்கு இரண்டு 55 வாட் பல்புகளைப் பக்கவாட்டில் சேர்த்து, ஃபியூஸ் வழியாகப் பேட்டரியிலிருந்து எரியவிடுங்கள். 9 ஆம்ப்புக்கு மேல் ஓடும். சில வினாடிகளில் போக வேண்டும்; அரை நிமிடம் ஆகியும் பல்பு எரிந்துகொண்டிருந்தால் அந்தப் பாக்கெட்டையே திருப்பிக் கொடுங்கள்.

ஓட்டத் தொடங்கிய பின் ஃபியூஸ் போனால் அடுத்ததைச் செருகும் முன் போனதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் உள்பக்கம் கருகி, வெள்ளி நிறத்தில் தெறித்திருந்தால் நேர் ஷார்ட்: கன்ட்ரோலர் இணைப்பையும் ஃபியூஸ் பாக்ஸுக்கும் கம்பத்துக்கும் இடைப்பட்ட வயரையும் பாருங்கள். பல்பு வைத்த லேனில் இப்படித் தெறித்தால் பல்புக்கு முன்னால்தான் பழுது. உள்ளே சுத்தமாக இருந்து, இழை நடுவில் மட்டும் தொய்ந்து அறுந்திருந்தால் நீண்ட நேர அதிக இழுப்பு: இறுகிப்போன கியர், ஆக்ஸிலில் சுற்றிய முடி, சிக்கிய காரை விடாமல் இழுத்த டிரிகர். ஒரே வளைவில் பல்பு மினுக்கினால் அங்கே ரெயில் மேலெழும்பி இருக்கும், அல்லது பிரெய்டு இழை ஒன்று பிளவுக்குள் அறுந்து கிடக்கும். டார்ச் அடித்து, மரக்குச்சியால் எடுங்கள், ஸ்க்ரூ டிரைவரால் வேண்டாம். மாற்று ஃபியூஸ்கள் ஒரு பத்தை, எல்லாம் 5 ஆம்ப், பாக்ஸ் மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வையுங்கள். சோதனைக்கு வாங்கிய 7.5 ஆம்ப்பை ஸ்டாலுக்கே கொண்டு போகாதீர்கள்.